துருவும் தேய்மானமும்

பூட்டு செய்தே பிழைத்த ஒரு மனிதரின் பெட்டி திறக்க முடியாமல் கிடந்தது. சாவி இருக்கிறது. நுழைகிறது. ஆனால், திரும்ப மாட்டேன் என்கிறது.

என் நண்பனின் அப்பா, திண்டுக்கல் நாகல் நகர் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறையில் முப்பது வருஷத்துக்கும் மேல் வேலை பார்த்தவர். அவர் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. காரியம் எல்லாம் முடிந்ததும், அவருடைய தொழில் சாமான்களை ஒரு தகரப் பெட்டியில் போட்டு, அவர் கையால் செய்த பூட்டையே மாட்டி, நண்பன் சென்னைக்குக் கொண்டுபோனான். "அப்பா ஞாபகமா எங்கூடவே இருக்கட்டும்டா" என்றான். சொல்லும்போது கண் கலங்கியது. பொய்யில்லை.

திருவான்மியூரில் கடற்கரையை ஒட்டிய அபார்ட்மென்ட். பெட்டிக்கு பால்கனியில் இடம் கிடைத்தது. வாஷிங் மெஷினுக்குப் பின்னால்.

திண்டுக்கல் வறண்ட ஊர். சிறுமலையும் மேற்கு மலைகளும் மழையை வடிகட்டிவிட்டு, மிச்சத்தைத்தான் அந்தச் சமவெளிக்குத் தருகின்றன. அங்கே ஒரு இரும்புச் சாமானைத் திண்ணையில் போட்டு மறந்துவிட்டால்கூட, அது பொறுமையாகத்தான் துருப்பிடிக்கும். கடற்கரைக் காற்று அப்படியில்லை. உப்பு கலந்த ஈரம். இரும்புக்கு அது விஷம். பதினோரு வருஷம், அந்த விஷத்தைக் குடித்துக்கொண்டு பெட்டி சும்மா கிடந்தது.

போன ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனபோது நண்பன் அதை காரில் ஏற்றிக்கொண்டு வந்தான். கூடவே என்னையும்.

ஹேக்ஸா பிளேடால் பூட்டை அறுத்துவிடலாம் என்று உட்கார்ந்தான். அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார். அப்பாவோடு ஒரே பட்டறையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர். ரத்த சொந்தம் இல்லை. ஆனாலும் நண்பனுக்கு அவர் சித்தப்பா.

"ஏப்பா... உங்கப்பன் செஞ்ச பூட்ட நீயே அறுக்கப் போறியா? கொஞ்சம் எண்ணெய விட்டுட்டுப் பேசாம இரு."

மண்ணெண்ணெயும் மெஷின் எண்ணெயும் கலந்து சாவித் துவாரத்தில் நாலு சொட்டு விட்டார். டீ குடித்தோம். மறுபடி நாலு சொட்டு. ராத்திரி தூங்கினோம். காலையில் சாவியைப் போட்டு அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெல்ல அசைத்தார். மிரண்ட மாட்டைத் தட்டிக்கொடுப்பது மாதிரி. 'டொக்' என்று ஒரு சத்தம்.

பூட்டு திறந்தது. உள்ளே எல்லாம் ஒரே நிறம். செங்கல் நிறம்.

*

தட்டை அரம், அரைவட்ட அரம், முக்கோண அரம் என்று ஏழெட்டு அரங்கள். இரண்டு சுத்தியல். மூன்று உளி. ஒரு குறடு. ஒரு சின்னக் கை வைஸ். ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டு, ஒரு பையனை இன்ஜினீயரிங் படிக்கவைத்தது மொத்தமும் ஒரு மடியில் அடங்கிவிடும் இவ்வளவு சாமான்தான்.

நண்பன் தயாராக வந்திருந்தான். இரண்டு பாட்டில் வினிகர், நம்பர் வாரியாக உப்புத்தாள், கம்பி பிரஷ், டிரில்லிங் மெஷினில் மாட்டும் பாலிஷ் சக்கரம். இது போதாதென்று, சென்னையில் ஒரு தச்சரிடம் கண்ணாடி ஷோகேஸுக்கு ஆர்டர் கொடுத்திருந்தான். உள்ளே குட்டி லைட் எரியும். ஹாலில் வைக்கலாம். "வர்றவங்க பார்த்ததும் அசந்துடணும்டா" என்றான்.

துரு எடுப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்தால் போதும். புளியில் பித்தளைக் குத்துவிளக்கு துலங்குகிற அதே சங்கதி. அமிலம் துருவைத் தின்றுவிடும். மறுநாள் எடுத்து பிரஷ் போட்டால் உள்ளே இருக்கும் சாம்பல் நிற இரும்பு வெளியே வரும்.

வித்தை அதற்குப் பிறகுதான். நண்பன் முதல் சுத்தியலைக் கழுவி, தரையில் வைத்துவிட்டு போன் பேசப் போனான். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிசாக மறுபடி துரு! அவனுக்கு எரிச்சல். பெரியவர் சிரித்தார்.

"குளிப்பாட்டுன புள்ளயத் துவட்டாம விடலாமா? இப்பதான் அதுக்குத் தோலே இல்லாம பச்சை உடம்பா இருக்கு."

விஷயம் அதுதான். துரு எடுத்த இரும்பு முன்னைவிட பலவீனமானது. எந்தப் போர்வையும் இல்லாமல் காற்றுக்கும் தண்ணீருக்கும் நேராக நிற்கிறது. ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் அலசி மிச்ச அமிலத்தை முறிக்க வேண்டும். உடனே துடைத்து, வெயிலில் சூடேற வைத்து, எண்ணெய் பூச வேண்டும். துருவை எடுக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். எடுத்தபிறகு பக்கத்தில் இருக்கத் தெரிந்தவர்கள் கம்மி. குடியை நிறுத்திய மனிதனை, ஜெயிலில் இருந்து திரும்பி வந்தவனை நினைத்துப் பாருங்கள். 'அதான் சரியாயிட்டானே' என்று நாம் போன் பேசப் போய்விடுகிற அந்த அரை மணி நேரம்தான் ஆபத்தானது.

*

அடுத்தது பாலிஷ். பாலிஷ் சக்கரம் சுழன்றது. சுத்தியலின் தலை கண்ணாடியாகிவிட்டது. அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம். நண்பனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்து உளியை எடுத்து, பக்கத்து வீட்டுச் சாணை மெஷினில் வைத்து அழுத்தினான். பொறி பறந்தது. உளியின் நுனி முதலில் வைக்கோல் நிறமானது. பிறகு பழுப்பு. பிறகு அழகான நீலம்.

"போச்சு" என்றார் பெரியவர். "பதம் போச்சு."

எஃகின் பலம் அதன் பதத்தில் இருக்கிறது. கொல்லர் அதைக் காய்ச்சி, தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கி, மறுபடி அளவாகச் சூடேற்றி அந்தப் பதத்தைக் கொண்டுவருகிறார். சாணையில் சூடு 300 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே நீலம் தெரிய ஆரம்பிக்கும். அந்த இடத்தில் கூர் நிற்காது. பளபளப்பு கூடும், வெட்டும் குணம் குறையும். உளி மாதிரி ஒரு பொம்மை மிஞ்சும்.

நண்பன் கொஞ்சம் சுருங்கிப்போனான். மிஷின் வேண்டாம், கையாலேயே தேய்க்கிறேன் என்று உப்புத்தாளை எடுத்துக்கொண்டு இரண்டாவது சுத்தியலிடம் போனான். அதன் மரப்பிடியில் ஓர் இடத்தில் குழிவாகத் தேய்ந்து, கறுத்து, வழவழவென்று இருந்தது. அதைத் தேய்த்துச் சமமாக்கி வார்னிஷ் அடிக்கத் திட்டம்.

பெரியவர் அவன் கையைப் பிடித்தார்.

"அத ஏன்டா தேய்க்கிற? அது அழுக்கு இல்ல. உங்கப்பன் கட்டைவிரல்."

நண்பன் அந்தக் குழிவில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். கொஞ்சம் பெரிதாக இருந்தது. எதுவும் பேசவில்லை. உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டான்.

*

அன்றிலிருந்து இந்த விஷயம் என் மண்டையைக் குடைகிறது. ஒரு பழைய பொருளை எந்த அளவுக்குச் சுத்தம் செய்யலாம்? எங்கே நிறுத்த வேண்டும்?

முதலில் எனக்குத் தோன்றிய பதில் இது. துரு வேறு, தேய்மானம் வேறு. தொடாமல் விட்டதால் வருவது துரு. தொட்டுக்கொண்டே இருந்ததால் வருவது தேய்மானம். துரு, நாம் அங்கே இல்லை என்பதற்குச் சாட்சி. தேய்மானம், ஒருவர் அங்கே இருந்தார் என்பதற்குச் சாட்சி. இரண்டுமே பொருளைப் பழசாகத்தான் காட்டுகின்றன. உப்புத்தாளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அது தேய்க்கும், அவ்வளவுதான். வித்தியாசம் தெரிய வேண்டியது பிடித்திருக்கும் கைக்கு.

டெல்லி மெஹ்ரோலியில் இருக்கும் இரும்புத் தூணைப் பார்த்திருப்பீர்கள். குப்தர் காலத்தது. ஏறக்குறைய 1600 வருஷமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அது துருப்பிடிக்கவே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால், கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர்.பாலசுப்ரமணியம் பல வருஷம் ஆராய்ந்து சொன்னது வேறு. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் ஆரம்பத்தில் பிடித்த மெல்லிய துருவோடு சேர்ந்து ஒரு படலம் உருவாகி, அதுவே தூணுக்குக் கவசமாகிவிட்டது. ஏதாவது ஒரு ராஜா, 'இதைப் பளபளவென்று தேய்த்து வையுங்கள்' என்று வருஷா வருஷம் உத்தரவு போட்டிருந்தால், அந்தக் கவசம் நிலைத்திருக்குமா?

அதே தூணின் அடிப்பகுதி மட்டும் மினுமினுவென்று இருக்கும். முதுகைக் காட்டி நின்று கைகளைப் பின்னால் வளைத்துத் தூணைக் கட்டிப்பிடித்தால் அதிர்ஷ்டம் என்று யாரோ கிளப்பிவிட, லட்சக்கணக்கானவர்கள் கட்டிப்பிடித்துத் தேய்த்த தேய்ப்பு அது. கடைசியில் 1997-ல் சுற்றிலும் வேலி போட்டார்கள். அன்பு கூட அளவு மீறினால் தேய்த்துவிடும்.

பழைய நாணயம் சேர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். புதிதாகச் சேர ஆரம்பித்த பையன் செய்கிற முதல் தப்பு, காசைப் புளி போட்டு விளக்குவதுதான். விளக்கியதும் மதிப்பு விழுந்துவிடும். மியூசியத்தில் பழைய இரும்பு ஆயுதங்களைப் பராமரிப்பவர்களும் துரு மேலும் தின்னாமல் தடுப்பார்களே தவிர, கண்ணாடியாக்க மாட்டார்கள்.

அப்படியானால் பாலிஷே தப்பா? இல்லை. அதன் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. வழவழப்பான எஃகில் ஈரம் தங்காது, துரு லேசில் பிடிக்காது. தச்சரின் இழைப்புளிக்கு அடிப்பாகம் வழவழவென்று இருந்தால்தான் மரத்தின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆயுத பூஜை அன்று சாமான்களைத் துலக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒருநாள் ஓய்வு கொடுக்கிறோமே... அதுவும் மரியாதைதான். ஆனால் கவனியுங்கள். அங்கே துலக்குவது, ஓய்வு முடிந்ததும் மறுபடி கையில் எடுத்து வேலை செய்வதற்காக.

அரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை யாராலும் பாலிஷ் போட முடியாது. சொரசொரப்புதான் அதன் உயிர். வழவழப்பான அரம் என்றால் செத்த அரம். சில பொருள்களை, சில மனிதர்களையும், பளபளப்பாக்க முயற்சி செய்வதே அவர்களைக் கொல்வதுதான்.

*

'தேய்மானம் எல்லாம் புனிதம்' என்று இந்தக் கட்டுரையை நான் சுலபமாக முடித்திருப்பேன். பெரியவர் விடவில்லை.

மிச்சமிருந்த இரண்டு உளிகளை அவரே எடுத்துக்கொண்டார். பல வருஷம் சுத்தியல் அடி வாங்கி, உளியின் தலை காளான் குடை மாதிரி ஓரம் பிதுங்கி மடங்கியிருந்தது. அதுவும் அப்பாவின் உழைப்பு விட்ட தடம்தானே? அதை அவர் யோசிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் முக்கி முக்கிச் சாணை பிடித்து எடுத்துவிட்டார்.

"என்னங்க ஐயா, பிடியில இருந்ததை மட்டும் தொடக் கூடாதுன்னீங்க?" என்றேன்.

"அடிக்கிறப்ப இந்த ஓரம் உடைஞ்சு தெறிக்கும் தம்பி. யார் கண்ணுக்குப் போகும்னு சொல்ல முடியாது."

துரு அரித்த இடங்களில் பொட்டுப் பொட்டாகக் குழி விழுந்திருந்தது. உளியின் வாயில் இருந்த குழிகளை முழுக்கத் தேய்த்து எடுத்தார். உடம்பில் இருந்தவற்றைத் தொடவே இல்லை. "உடம்புல இருந்தா இருந்துட்டுப் போகுது. அத மறைக்கணும்னா சுத்தியும் இருக்கிற நல்ல இரும்ப எல்லாம் தேய்ச்சுத் தள்ளணும். வாய்ல இருந்தா மட்டும் விடக்கூடாது. வேலைல ஒடியும்."

அவர் ஒரு தத்துவத்தைச் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை. ஆனால், அதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைத்ததில்லை. அவர் பார்த்தது பொருள் பழசா புதுசா என்பதை அல்ல. அழகா அசிங்கமா என்பதையும் அல்ல. அடுத்துத் தொடப்போகிற கையைப் பார்த்தார். அந்தக் கைக்குக் காயம் தருமா? எடுத்துவிடு. தராதா? இருக்கட்டும்.

*

அன்று ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருந்தோம். தூரத்தில் மலைக்கோட்டைப் பாறை கறுப்பாகத் தெரிந்தது. நண்பன் தன் போனை எடுத்து ஒன்றைக் காட்டினான். ஷோகேஸின் கீழே பித்தளைத் தகட்டில் பொறிக்க அவன் எழுதி வைத்திருந்த வாசகம். 'அன்பே உருவான எங்கள் அப்பா...' என்று ஆரம்பித்து நாலு வரி.

"நல்லா இருக்கா?"

"இருக்கு."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு சொன்னான்.

"அந்தத் தட்டை அரம் இருக்கே... அதால என்னைய ஒரு தடவ அடிச்சிருக்காருடா. ஆறாங் கிளாஸ் படிக்கிறப்ப. லீவு நாள்ல பட்டறைக்குப் போய் உக்காந்து, ஒரு சாவிக்குப் பல்லு வெட்டிக்கிட்டு இருந்தேன். நல்லாத்தான் வெட்டினேன். வந்து பார்த்தாரு. 'இந்தப் பக்கம் வந்தா கால உடைப்பேன், போய்ப் படி'ன்னு முதுகுல ஒண்ணு. ஒரு வாரம் மல்லாந்து படுக்க முடியல."

தன் பிள்ளை இந்த வேலைக்கு வந்துவிடக் கூடாது என்ற பயம் அந்த அடியில் இருந்தது. மாங்காய்ப் பூட்டும் லீவர் பூட்டுமாக நாடெல்லாம் பேர் வாங்கிய ஊர்தான். ஆனால் அலிகாரில் இருந்து மிஷினில் செய்த மலிவுப் பூட்டுகள் வர வர, கையால் அரம் போட்டு ஒவ்வொரு சாவியையும் தனித்தனியாக வெட்டுகிறவர்களின் பிழைப்பு தேய்ந்துகொண்டே போனது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால், பட்டறைகள் பலவும் மூடிய பிறகு வந்த கௌரவம். அவன் அப்பா அதைப் பார்க்கவும் இல்லை. பேருக்குப் பாலிஷ் ஏறியது. கைகள் குறைந்துபோயின. ஷோகேஸ் வைப்பது தனி மனிதர்கள் மட்டுமில்லை.

"அவரு அடிச்சதாலதான் நான் படிச்சேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்" என்றான் நண்பன். "ஆனா போன வருஷம், கணக்குல மார்க் கம்மியா வாங்கினான்னு என் பொண்ணு மேல ஸ்கேல எடுத்து வீசிட்டேன்டா. நெத்தில பட்டுச்சு. கண்ணுக்கு ஒரு விரல்கடை மேல."

இறந்தவர்களுக்கு நாம் எல்லோருமே பாலிஷ் போடுகிறோம். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் சிடுமூஞ்சிகள் கிடையாது, கஞ்சர்கள் கிடையாது. அது ஒரு நாகரிகம். ஒரு மனிதரின் உடம்பெல்லாம் இருக்கும் சின்னச் சின்னக் குழிகளைத் தோண்டிப் பேச வேண்டியதில்லை. அவர் வெற்றிலை எச்சிலைச் சுவரில் துப்பினார், கடனைத் திருப்பித் தரவில்லை... இருந்துவிட்டுப் போகட்டும். அவற்றை மறைக்கவும் வேண்டாம். மறைப்பதற்காக நல்ல இரும்பையும் சேர்த்துத் தேய்த்தால், மிஞ்சுவது யாருடைய அப்பாவும் இல்லை. பொதுவான ஒரு அப்பா. காலண்டர் படம்.

ஆனால், வாயில் இருக்கும் குழி வேறு. அப்பாவிடம் இருந்து மகனுக்கு, மகனிடம் இருந்து பேத்திக்கு என்று கை மாறிக்கொண்டே வருகிற குணம் எதுவோ, அது அங்கேதான் இருக்கிறது. அதை 'அன்பே உருவான' என்று எழுதி மூடினால், அடுத்த அடியில் அது தெறிக்கும். அதை மட்டும் பெயர் சொல்லிக் காட்டி, தேய்த்து எடுத்துவிட வேண்டும். அப்படி எடுப்பது அப்பாவை அவமதிப்பது ஆகாது. அவருடைய உளியை வேலைக்கு லாயக்காக வைத்திருப்பது.

நண்பன் வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்த நாலு வரியையும் அழித்தான்.

*

மறுநாள் ஆயுத பூஜை. அரங்களைக் கம்பி பிரஷ் போட்டுத் தட்டி, பற்களில் சாக்பீஸ் தேய்த்து வைத்திருந்தார் பெரியவர். வினிகர் துருவோடு கொஞ்சம் இரும்பையும் தின்றதில், பற்கள் முன்னைவிடச் சுரீரென்று பிடித்தன. அந்தத் தட்டை அரமும் அவற்றில் ஒன்று. பொட்டு வைத்துக் கும்பிட்ட கையோடு, "இதெல்லாம் எனக்கு ஆகுமா சித்தப்பா? நீங்க எடுத்துக்கங்க. இல்ல, யாராவது வேலை செய்யிறவங்களுக்குக் குடுங்க" என்றான் நண்பன். தெருக்கோடியில் கிரில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பையன் பேரைச் சொன்னார் அவர். ஷோகேஸ் ஆர்டரை ரத்து செய்ததில் அட்வான்ஸ் போனது. தேய்ந்த பிடி போட்ட சுத்தியலை மட்டும் நண்பன் மடியில் வைத்துக்கொண்டு சென்னை வந்தான்.

எல்லோரும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்ல வரவில்லை. வைத்துக்கொள்ள ஆள் இல்லாமல் காயலான் கடையில் எடைக்குப் போடுகிறவர்களின் கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும். உருக்கினால் அதுவும் வேறு ஏதோவாகப் பிறக்கத்தான் போகிறது.

போன மாதம் நண்பன் போன் செய்தான். சுத்தியல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைச்சு வெச்சிடறேன். கடல் காத்தாச்சே! நேத்து பொண்ணு அவ ரூம்ல படம் மாட்டணும்னு எடுத்துட்டுப் போனா. ஆணிய அடிக்கிறதுக்குப் பதிலா விரல்ல போட்டுக்கிட்டா."

"அய்யய்யோ... அழுதாளா?"

"இல்லடா. பிடி முழுக்கக் கறுப்பா இருக்கேப்பா, சோப்பு போட்டுக் கழுவிடவான்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"துடைச்சு வெச்சா போதும்மான்னேன்."